சுழி சாஸ்திர மகாசபைக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய சபையோருக்கு, கோபிசெட்டிபாளையம் பக்கத்துச் சவாரிப் பிரியன் ஒருவன் எழுதிக்கொள்வது.

எனக்கு ஒரு குதிரை வேண்டும். ரேஸுக்கு அல்ல, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அல்ல. கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் மலையடிவாரத்து மண்தடத்திலும் என்னைச் சுமந்துகொண்டு நிதானமாக நடந்தால் போதும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவிலேயே குதிரைச் சந்தை கூடும்போது ராஜஸ்தானுக்கு ஏன் போக வேண்டும் என்று அக்கம்பக்கத்திலேயே விசாரிக்கத் தொடங்கினேன். எங்கே விசாரித்தாலும் தங்கள் ஆட்சிதான் நடக்கிறது.

மாட்டுக்குச் சொன்ன பாடைச் சுழியும் விலங்குச் சுழியும் குதிரைக்கும் உண்டாம். முதலாவது இருந்தால் வாங்கியவன் பாடையில் போவான். இரண்டாவது இருந்தால் ஜெயிலுக்கு. நாலு மயிர் திரும்பியிருக்கும் திசையை வைத்தே மரண தண்டனை வரை விதிக்கும் தங்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதும் அறிந்தேன்.

குளம்பைத் தூக்கிக் காட்டச் சொன்னால், "அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, சுழியப் பாருங்க" என்கிறார் தரகர். பல்லைப் பார்க்கலாமா என்றால், "நம்ம பேச்சுல நம்பிக்கை இல்லீங்களா?" ஐந்து வயதுக்குள் பால்பல் விழுந்து முன்பற்கள் எல்லாம் முளைத்து முடிந்துவிடும். பதினைந்து வயதுக் கிழத்தை நாலு வயது என்று விற்க வேண்டுமானால் வாய் மூடியிருப்பது அவசியம்தான். குதிரையின் வாயைச் சொல்கிறேன்.

பிறகு மேளம் தட்டிக் குதிரையை ஆடவைத்துக் காட்டினார்கள். அழகான ஆட்டம். ஆனால் எனக்கு வேண்டியது ஆடாத குதிரை. ஏறும்போது அசையாமல் நிற்குமா, லாரிக்காரன் ஹாரன் அடித்தால் என்ன செய்யும், முழங்கால் தண்ணீரில் இறங்குமா, கூட்டத்தை விட்டுத் தனியே வருமா? இவற்றுக்கெல்லாம் சாஸ்திரத்தில் சுழி இல்லை போலும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது என்பார்கள். 300 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 60 கிலோ. என் எடையை ஒருவரும் கேட்கவில்லை. ராசியைக் கேட்டார்கள்.

இதில் தங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்று எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணமாம். லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆட்களைக் குதிரை வியாபாரிகள் கூட்டி வருவதும் இல்லையாம், வர விடுவதும் இல்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலில் வரும் குதிரை விற்கும்! எழுநூறு ஆண்டுப் பாரம்பரியத்தைக் கட்டிக்காக்கும் தங்கள் பொறுப்புணர்ச்சியை மெச்சுகிறேன்.

ஆகவே சபையோர் பெரிய மனது வைக்க வேண்டும். சுழியைத் தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் தலையிட மாட்டேன். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்பதற்கு ரத்தப் பரிசோதனைச் சான்று ஒன்று, கூடவே ஒரு கால்நடை மருத்துவர், மேளச் சத்தம் இல்லாத மண்ரோட்டில் அரை மணி நேரச் சவாரி, இவ்வளவுக்கும் அனுமதி தாருங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்பே தாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் குதிரை வாங்காத ஒருவன்