சாவிக்கு மூளை எதுக்கு?

மதுரையில் ஒரு பொருளைத் தொலைப்பதாக நேர்ந்துகொண்டால் அதற்குச் சித்திரைத் திருவிழாதான் தோது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்று வைகை அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க மணலும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிற ஆறு, அன்றைக்குப் பார்த்து ஆழ்வார்புரத்தில் என் மச்சினன் சட்டைப்பையில் இருந்த கார் சாவியை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு ஓடியது. "விடுங்க மச்சான், சாமிக்குக் காணிக்கை" என்றான். வண்டி என்னுடையது, புண்ணியம் அவன் கணக்கில்.

பூட்டிய காருக்கு முன்னால் குடும்பமே நின்றோம். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதியில் சாத்திய கதவுதான் சாமி. அதற்குச் சந்தனம் சாத்திக் கும்பிடுகிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில் என் மாமியார் கார் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கருப்பர் இரங்கவில்லை. வீட்டு பீரோவிலிருந்து இன்னொரு சாவி வந்த பிறகுதான் கதவு திறந்தது.

மிச்சமிருக்கிற ஒற்றைச் சாவியை நம்பிக் காலம் தள்ள முடியாது. அதுவும் போய்விட்டால் செலவு பல மடங்கு. வண்டியே திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது, "ரெண்டு சாவியும் எங்கே?"

கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். ஏ.சி. காற்று, ஏலக்காய் டீ, உபசாரமான பேச்சு. டீ ஆறுவதற்குள் கொட்டேஷன் வந்தது: ரூ. 14,500. சாவியைத் தலைமைக் கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டும், அது எப்போது வரும் என்பது வந்தால்தான் தெரியும். கூடவே ஆர்.சி. நகல், ஆதார் நகல், ஸ்டேஷனில் வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது. இதில் ரசீது கேட்டது நியாயம். கேட்டவனுக்கெல்லாம் சாவி போட்டுக் கொடுத்தால் தெருவில் ஒரு கார் நிற்காது. ஆனால் மனு கொடுக்கிற இடத்தில், "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று ஏட்டு கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போனது. நடந்ததை நடந்தபடி சொன்னால் கள்ளழகர் பேரைத்தான் எழுத வேண்டும்.

மாமனார் கொதித்துப் போனார். "சாவிக்கா பதினாலாயிரம்? என் அம்பாசடரை பீரோ சாவி போட்டே திறப்பேன்." அவர் மட்டுமா திறந்தார் என்று கேட்கவில்லை. பெரியப்பாவோ, "இந்தா இருக்கு திண்டுக்கல், அங்க கொண்டு போ" என்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து திண்டுக்கல்தான். மாங்காய்ப் பூட்டு அபாரமான பூட்டு, மறுக்கவில்லை. உள்ளே இருக்கிற லீவர் அத்தனையையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் அது வாய் திறக்கும். ஆனால் அங்கே இரும்பு மட்டும்தான் வேலை பார்க்கிறது. கார் சாவியில் இரும்பு பாதிதான்.

மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் சாவிக்கடை அண்ணன். பழைய சாவியையும் வெற்றுச் சாவியையும் மிஷினில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பித்தளைப் பொடி பறந்தது. அரத்தால் இரண்டு இழுப்பு, லுங்கியில் ஒரு துடைப்பு. கதவு திறந்தது. என்ஜின் உறுமி, ஒரே மூச்சில் அணைந்தது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு கண்ணடித்தது.

"பல்லெல்லாம் கரெக்ட்தாண்ணே. வண்டிக்கு இவர் யாருன்னு தெரியல."

பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி முனை அளவுக்கு ஒரு சிப்பு. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் ரேடியோ அலையால் அதை உசுப்பும். அது தன் அடையாளத்தைச் சொல்லும். சொன்னது சரியென்றால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். பீரோ சாவிக்காரர்களின் பொற்காலம் அதோடு முடிந்தது. ரிமோட் பட்டனுக்குத்தான் பேட்டரி. அது தீர்ந்ததற்கே புதுச் சாவி வாங்கியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

அண்ணன் பையிலிருந்து செங்கல் அளவு கருவி ஒன்றை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பதினாறு பின் சாக்கெட்டில் சொருகினார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆத்தோட போனவர் பேரை எடுத்துரவா?" ரேஷன் கார்டில் பெயர் நீக்குகிற மாதிரி, தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்தே எடுத்துவிடலாமாம். நாளைக்கு யார் கையில் அது கிடைத்தாலும் கதவைத்தான் திறக்கலாம், வண்டி கிளம்பாது. "எடுத்துருங்க" என்றேன். இந்த வேலையைக் கண் முன்னால் செய்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாங்க என்கிறவரிடம் கூடாது. நமக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று அடித்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

வண்டி கிளம்பியது. ரூ. 2,800 கேட்டார். சாவி தொலைந்தால் பணம் தருகிற காப்பு ஒன்று கார் இன்சூரன்ஸிலேயே தனியாகச் சேர்த்து வாங்கலாம். என் பாலிசியில் அது இருந்ததாக மனைவி சொன்னதால் பில் வேண்டும் என்றேன். அண்ணன் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்: சாவி 1, ரூ. 300. மூளை 1, ரூ. 2,500. கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"ஜி.எஸ்.டி. போட்டு வேணும்னா ஷோரூமுக்குப் போங்கண்ணே. டீயும் தருவாங்க."