பூட்டியவன் ஷார்ஜாவில்

என் மகளுக்கு வயது 20. நர்சிங் மூன்றாம் ஆண்டு. பகலில் பிரசவ வார்டில், வழுக்கிக்கொண்டு வெளிவரும் சிசுவின் தலையைத் தாங்கிப் பிடிக்கிறாள். இரவு ஒன்பதரை அடித்ததும் அவள் லேப்டாப் திரையை மூடிக்கொண்டு, 'இன்றைய நேரம் முடிந்தது, பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்' என்கிறது. போன வாரம் மார்பகப் புற்றுநோய்ப் பாடத்துக்குப் படம் தேடினாள். முதல் சொல்லைக் கண்டதுமே இயந்திரத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. பக்கம் திறக்கவில்லை.

பெற்றவன் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாராளமாக அனுமதி கொடுத்தேன். ஆனால் அந்தக் கணக்கில் அவளைப் பெற்றவன் நானில்லை.

2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய லேப்டாப் அது. 'பொண்ணு கண்டதையும் பார்த்துடக் கூடாது தம்பி' என்று கடைப் பையனிடம் கெஞ்சியவன் நான்தான். அவன் தன் ஈமெயிலையே பெற்றோர் என்று போட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். பெண்ணைத் தத்துக் கொடுக்க இவ்வளவு மலிவான கட்டணம் எந்த ரிஜிஸ்டர் ஆபீஸிலும் கிடையாது. அவள் எதைத் தேடினாள், எத்தனை மணி நேரம் பார்த்தாள் என்ற அறிக்கை அன்றிலிருந்து வாராவாரம் அவன் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் தேடல்கள், முன்பின் தெரியாத ஒரு வாலிபனுக்கு! இதற்குப் பெயர் குழந்தைப் பாதுகாப்பு.

அந்த வளர்ப்புத் தகப்பன் இப்போது ஷார்ஜாவில். 'அந்த மெயிலைத் திறந்தே நாலு வருஷமாச்சு சார், பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல.' புது பாஸ்வேர்டுக்கான ஓடிபி அவனுடைய பழைய நம்பருக்குப் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அந்த நம்பர் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. கூப்பிட்டேன். தர்மபுரிப் பக்கம் ஒரு பெரியவர். 'ஓடிபியா? யார்கிட்ட வேலையைக் காட்டுற? போலீஸ்ல சொல்லிருவேன்' என்று வைத்துவிட்டார். இந்தக் கதையில் விவரமாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

நிறுவனத்துக்கு எழுதினேன். அவள் பிறந்த தேதி அவர்களுக்குத் தெரியாததல்ல. வருஷாவருஷம் பலூன் படம் போட்டு வாழ்த்துகிறார்கள். பதினெட்டாவது பலூனும் வந்தது. பதில் என்ன தெரியுமா? 'குடும்ப நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும்.'

அமெரிக்கா 1998இல் போட்ட சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. நம் டெல்லிக்குப் பாசம் அதிகம். 2023இல் அதை 18 ஆக்கிக்கொண்டது. நல்லது. இதே தேசத்தில் 14 முடிந்த பையன், ஆபத்தில்லாத வேலை என்றால் கடையில் கூலிக்கு நிற்கலாம். 16 முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனாக வைத்து விசாரிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். உழைக்க வயது வந்துவிடுகிறது, கூண்டில் ஏற வயது வந்துவிடுகிறது. ஓட்டுப் போட 18 போதும் என்று 1989இலேயே முடிவாகிவிட்டது. என் மகளும் 2024இல் போட்டாள். பிரதமர் யார் என்று தீர்மானிக்கலாம். ஒன்பதரைக்கு மேல் பாடம் படிக்க மட்டும் ஷார்ஜாவிலிருந்து கையெழுத்து வர வேண்டும்.

கடைசியில் அவளே துணிந்தாள். நோட்ஸையெல்லாம் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு லேப்டாப்பை ஃபார்மட் செய்தாள். புதுக் கணக்கு பிறந்த வருஷம் கேட்டது. 1965 என்று அடித்தாள். நான் பிறந்ததே 1971இல்தான்.

'பொய் சொல்லாதேம்மா' என்றேன்.

'உண்மையைச் சொல்லித்தானேப்பா அஞ்சு வருஷம் மாட்டிக்கிட்டேன்.'

இயந்திரம் மறுபேச்சின்றி நம்பியது. மரியாதையாக வரவேற்றது. அடுத்த திரையில் கேட்டது: 'உங்கள் குடும்பத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா? கண்காணிக்க விரும்புகிறீர்களா?'

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.