வாத்தியார்கள் பறந்த வானம்

எண்பதுகளில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வாத்தியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சாக்பீஸைக் கையில் பிடித்தபடி ஓட்டுக் கூரையைப் பார்த்துக் காத்திருப்பார். அந்த விசில் சத்தம் தலைக்கு மேல் கடந்து மாடம்பாக்கம் பக்கம் தேய்ந்ததும், 'ஆகவே' என்று மறுபடி ஆரம்பிப்பார். அந்த 'ஆகவே'க்கு முன்னால் என்ன இருந்தது என்பது அவருக்கும் நினைவிருக்காது, எங்களுக்கும் அது வேண்டியிருக்காது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன், வாலில் என்ன எண் எழுதியிருந்தது என்று சொன்னால் போதும்.

அது கிரண். பெங்களூர் எச்.ஏ.எல். செய்த ஜெட், முதலில் பறந்தது 1964இல். அதைப் போர் விமானம் என்றுதான் நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். மேகத்துக்குள் போய் அரைமணி கழித்துத் திரும்பி வந்தால், பாகிஸ்தான் எல்லையை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறது என்று கூசாமல் சொல்வேன், கேட்டவர்களும் கூசாமல் நம்புவார்கள். உண்மையோ இன்னும் ருசியானது. அந்தக் கிரண்கள் 1954இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்த விமானப்படைப் பள்ளியைச் சேர்ந்தவை. பறக்கக் கற்பிக்கும் பள்ளிகூட இல்லை, பறக்கத் தெரிந்தவர்களுக்குக் கற்பிக்கக் கற்றுத்தரும் பள்ளி. எங்கள் தலைக்கு மேலே சீறிப் பாய்ந்த வீரர்கள் பி.எட். படித்துக்கொண்டிருந்தார்கள்! கூரைக்குக் கீழே ஒரு வகுப்பு, மேலே ஒரு வகுப்பு. மேல் வகுப்பில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பழகியிருப்பார்கள்.

விமானப்படைக்காரர்கள் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்தார்கள். எதிர்வீட்டு சார்ஜென்ட் மாமா நீலச் சட்டையில் மடிப்புக் கலையாமல் காலையில் கிளம்பும்போது வாசலில் வழிமறித்து, "மாமா, நீங்க எந்த பிளேன் ஓட்டுவீங்க?" என்று கேட்டேன். "சைக்கிள்தான்டா. கேட் வரைக்கும்" என்றார். அவர் மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுப்பவர். அவரும் வாத்தியார்தான்! எனக்கு அது ராணுவ ரகசியத்தை மறைக்கச் சொன்ன பொய்யாகத்தான் பட்டது.

கிரணைச் செய்து பார்க்கலாம் என்றால், மாடல் கிட் என்ற ஒன்றைப் பார்த்திராத காலம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் ஏர்ஃபிக்ஸ் விளம்பரம் பார்த்ததோடு சரி. கையில் கிடைத்தது நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிற, பச்சையும் ரோஸுமாகச் சாயம் தோய்த்த நெட்டி மாலை இருக்கிறதே, அதைக் கட்டுகிற பாட்டியிடம் கெஞ்சிச் சாயம் போடாத தண்டாக வாங்கி வருவேன். அப்பா சவரம் செய்து போட்ட பிளேடை நெடுக்கில் இரண்டாக ஒடித்துக்கொள்ள வேண்டும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் நெட்டி அறுபடாது, நசுங்கும். விரல் தடிமனுள்ள தண்டில் இறக்கை வராது என்பதால், சீவிய பட்டைகளை ஈர்க்குச்சியில் கோத்து, மைதாப் பசையில் ஒட்டவேண்டும். பசையில் தண்ணீர் அதிகமானால் நெட்டி ஊறி உப்பி, கிரண் கர்ப்பம் தரித்துவிடும். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குமிழ்தான் விமானி அறைக்குக் கண்ணாடி. சட்டைப் பொத்தானை வைத்து நடுவில் பச்சை வட்டம் போடலாம், ஆனால் வெளிவட்டத்தில் வரவேண்டிய காவிக்கு ஸ்கெட்ச் பேனா கிடையாது, அம்மாவின் கேசரிப் பவுடர்தான்.

இப்போது என்னிடம் ஜப்பான் கிட் இருக்கிறது, செக் நாட்டுக் கிட் இருக்கிறது, சாம்பல் நிறத்திலேயே வரிசையாகப் புட்டிகள் இருக்கின்றன, அரிசியைவிடச் சின்ன எழுத்தை ஒட்டுவதற்கு இடுக்கி இருக்கிறது, அந்த எழுத்தைப் பார்க்கக் கண்தான் இல்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மிக்-21 மட்டுமே அலமாரியில் ஒரு தட்டு, எல்லாம் பிரிக்காத பெட்டி. "இதையெல்லாம் எப்போ ஒட்டப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டால், ரிட்டயர் ஆனதும் என்பேன். எனக்கு முன்னால் மிக்-21 ரிட்டயர் ஆகிவிட்டது, 2025 செப்டம்பர் 26, சண்டிகரில். 1963இல் சேர்ந்தது, எந்த அரசு ஊழியருக்கும் கிடைக்காத எக்ஸ்டென்ஷன், அதற்குப் பல விமானிகள் உயிரால் விலை கொடுத்தார்கள்.

ரிட்டயர் ஆன விமானங்களின் கதை தனி. கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் ஒரு மாருத் போர் விமானம் நிற்கிறது. ஜெர்மனியில் ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் இங்கே வந்து வரைந்தது; 1961இல் பறந்து, 147 செய்து, கேட்ட சக்திக்கு எஞ்சின் கிடைக்காமலே காலத்தை ஓட்டி, 1990இல் முடிந்துபோனது. அதன் உடன்பிறப்பு ஒன்று மியூனிக் பக்கத்து அருங்காட்சியகத்தில் கூரைக்குக் கீழே சொகுசாக இருக்கிறது, நம்முடையது வெட்டவெளியில். எஞ்சினைக் கழற்றிய பிறகு அதுவும் மாடல்தானே, அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. என் மாடல்களுக்குக் கண்ணாடி அலமாரி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், தூசு தட்ட ஒட்டகமுடி பிரஷ், அசலுக்குக் காக்கை. அந்த மட்டில் அது கொடுத்துவைத்தது. பீடம் ஏற வாய்க்காதவை துண்டு போடப்பட்டு, ஏலத்தில் எடைக்குப் போய் உருகிவிடுகின்றன. எந்த வீட்டு ஜன்னல் சட்டத்தில் எந்த விமானம் இருக்கிறதோ, யார் கண்டது.

பழைய விமானம் சும்மா நிற்பதிலும் பலன் உண்டு என்பதற்குக் குரோம்பேட்டையே சாட்சி. ராஜம் என்பவர் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களின் பக்கத்தில்தான், மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அப்துல் கலாம் உட்கார்ந்திருப்பாராம், அவரே எழுதியிருக்கிறார். விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. 2006இல், குடியரசுத் தலைவராக, எழுபத்து நான்கு வயதில் சுகோய்-30இல் பறந்தார். என் நெட்டி கிரண் எதையும் என்னிடமிருந்து உருவாக்கவில்லை, வங்கி வேலையைத் தவிர.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. நாங்கள் விமானம் பார்க்கக் குந்தியிருந்த செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கமெல்லாம் அடுக்குமாடி. ஓடுபாதைக்கு அருகே இத்தனை மாடிக்கு மேல் கூடாது என்று விமானப்படை கைவைத்ததால்தான் வானம் கொஞ்சமாவது பாக்கி. மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியை நீட்டி, "அங்கிள், அது துபாய்லேர்ந்து வருது, முப்பதாயிரம் அடி" என்கிறான். தலைக்கு மேலே அவன் முகத்தில் நிழல் விழும்படி போகிற பயிற்சி விமானம் அவன் திரையில் இல்லை. திரையில் இல்லாததால் அவன் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.

கிரணுக்கும் நாள் நெருங்குகிறது. நானறிந்த பெரிய கம்பெனி எதுவும் அதற்குக் கிட் போட்டதில்லை. வேண்டுமென்றால் கையால்தான் செய்யவேண்டும். போன பொங்கலுக்குக் கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நெட்டி தேடிப் போனேன். மாலை விற்ற அம்மா பளபளவென்று பிளாஸ்டிக் சரத்தை எடுத்துப் போட்டார்.

"நெட்டி இல்லையாம்மா?"

"அதெல்லாம் யாரு சார் இப்ப கட்றாங்க? இதுன்னா அடுத்த வருஷமும் ஆகும். எத்தனை மாடு?"

"மாடு இல்லம்மா. பிளேன் செய்யணும்."

ஏற இறங்கப் பார்த்தார். "பிளேனா? அது பேப்பர்லயே செய்யலாமே சார்."