முகம் தெரியாத காலத்துக் குரல்கள்

எண்பதுகளில் ஆரணி பஜாரில் என் சித்தப்பா ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். கல்லூரி விட்டதும் நேராக அங்கே போய் உட்கார்ந்து கேசட்டுகளுக்கு லேபிள் எழுதுவேன். நோட்டிலிருந்து கிழித்த தாளில் படத்தின் பெயரையும் பாட்டின் முதல் இரண்டு சொற்களையும் எழுதிக்கொண்டு வருவார்கள். பாடியவர் யார் என்று எழுதி வந்தவர்கள் குறைவு. ஆனால் குரலைச் சொல்லிக் கேட்டவர்கள் நிறைய. "சின்னப் பொண்ணு மாதிரி ஒரு அம்மா பாடுமே, அந்தம்மா பாட்டா பார்த்துப் போடு தம்பி" என்பார் தறி நெய்கிற பெரியவர் ஒருவர். அவர் சொன்னது எஸ். ஜானகியை. ஜானகிக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. அது அந்தப் பெரியவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கேசட் அட்டையில் நாயகனும் நாயகியும்தான் இருப்பார்கள். பாடியவரின் முகம் எப்படியிருக்கும், தலை நரைத்திருக்குமா என்று யாரும் யோசித்ததில்லை.

பின்னணிப் பாடல் என்ற ஏற்பாட்டைப் பொய் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது என்ன கலை என்பார்கள். எனக்கு அது பாடகிகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பாகத் தெரிகிறது. திரைக்குப் பின்னால் நின்றதால் அவர்களுடைய வயதை யாரும் எண்ணவில்லை. 1977-இல் 16 வயதினிலே வந்தபோது ஸ்ரீதேவிக்கு 14 வயது. அவருக்காகப் பாடிய ஜானகிக்கு 39. அந்தப் பாட்டுக்குத்தான் ஜானகிக்குத் தேசிய விருது. 1992-இல் தேவர் மகனில் ரேவதிக்குப் பாடியபோது 54 வயது. அதற்கும் தேசிய விருது. 1998-இல் உயிரே படத்தில் பிரீத்தி ஜிந்தாவுக்கு 23, பின்னால் ஒலித்த ஜானகி குரலுக்கு 60. தியேட்டரில் ஒருவராவது "இது வயதானவர் குரல்" என்று முணுமுணுத்து நான் கேட்டதில்லை. "அந்தம்மா குரல் ஹீரோயினுக்கு செட் ஆகாது" என்று சொல்கிறவர்களுக்கு இந்த மூன்று படங்களையும்தான் பதிலாகச் சொல்வேன்.

இன்னும் பின்னால் போனால் கே.பி. சுந்தராம்பாள் இருக்கிறார். பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதலில் 1968-க்காக பி. சுசீலாவுக்குப் போனது. அடுத்த ஆண்டே துணைவன் படத்துக்காக சுந்தராம்பாள் வாங்கினார். பாடும்போது அவருக்கு 60 வயது. அவர் முகமும் திரையில் தெரிந்தது, திருநீறும் வெள்ளைச் சேலையுமாக. அந்தத் தோற்றத்தோடுதான் தமிழ்நாடு அவரைக் கொண்டாடியது.

ஆண்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அடிமைப்பெண்ணில் 52 வயது எம்.ஜி.ஆருக்கு 22 வயது எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார். ஐம்பது ஆண்டு கழித்து, 2019-இல் பேட்ட படத்தில் 68 வயது ரஜினிக்கு 72 வயதில் அதே எஸ்.பி.பி. பாடினார். நாயகன் மாறாமல் இருந்தால் அவன் குரலும் மாறாமல் இருக்கலாம். நாயகி சில ஆண்டுகளில் மாற்றப்படுகிறாள். பல நேரம் அவளோடு குரலும் மாற்றப்படுகிறது. இதை ரசனை மாற்றம் என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

எல்.ஆர். ஈஸ்வரியின் கதையை நான் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கோரஸ் பாடிய அம்மாவோடு சிறுமியாக ஸ்டுடியோக்களுக்குப் போய், அங்கேயே கோரஸில் சேர்ந்தவர் அவர். 1961-இல் வந்த பாசமலரில் தோழிகள் பாடும் கல்யாணப் பாட்டு அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கும் அது ஒலிக்காத கல்யாண மண்டபம் இல்லை. 1968-இல் பணமா பாசமா வந்தது. அதில் அவர் பாடிய இலந்தைப் பழப் பாட்டு ரேடியோவில் தொடங்கினால் என் பாட்டி, "அதை நிறுத்துடா, வயசுப் பொண்ணுங்க இருக்கற வீடு" என்பார். எழுபதுகளின் பிற்பகுதியில் ஈஸ்வரிக்கென்றே இருந்த கிளப் டான்ஸ் பாட்டுகள் குறைந்தன. புது இசையமைப்பாளர்கள் புதுக் குரல்களோடு வந்தார்கள். அவருடைய நாற்பதுகளில் சினிமா அவரைக் கூப்பிடுவது அரிதாகிவிட்டது.

அப்போது அவரைப் பிடித்துக்கொண்டவள் மாரியம்மன். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் வேறு வேலை நடக்காது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ரேடியோ செட் வைத்திருப்பவர்கள் வந்து ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைக் கேட்பார்கள். போன ஆண்டு வாங்கிய கேசட் தேய்ந்துபோயிருக்கும். கூழ் வார்க்கிற கோயில்களில் விடியற்காலை நான்கு மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல் எழும்பும். இலந்தைப் பழப் பாட்டை நிறுத்தச் சொன்ன என் பாட்டி, அதே குரல் தெருமுனையில் கேட்டதும் திண்ணையை விட்டு எழுந்து கைகூப்புவார். குரல் ஒன்றுதான். அதே தொண்டை, அதே துள்ளல், மேலே போகும்போது அதே உரசல். சினிமா கழித்துக்கட்டிய எதையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதை வைத்தே லட்சக்கணக்கான பெண்களை அருள் வந்து ஆட வைத்தார்.

2011-இல் ஒஸ்தி படத்தில் தமன் இசையில் கலாசலா பாட்டு வந்தது. எழுபதைக் கடந்த ஈஸ்வரி பாடினார், மல்லிகா ஷெராவத் ஆடினார். கல்லூரிப் பிள்ளைகள் அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவங்கதான் அம்மன் பாட்டு பாடினவங்களா?" என்று வியந்தார்கள். 2020-இல் மூக்குத்தி அம்மனில், 80 வயதில், ஆடிக் குத்து பாடினார். இரண்டாகப் பிரித்து வைத்திருந்த அவருடைய இரண்டு வாழ்க்கையும் அந்த ஒரு பாட்டில் ஒன்றாகிவிட்டன.

இப்படி அழைக்கிற இளைய இசையமைப்பாளர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஏ.ஆர். ரஹ்மான் எம்.எஸ். விஸ்வநாதனைப் பாட அழைத்ததில் ஒரு காரணம் இருந்தது. கன்னத்தில் முத்தமிட்டால் படத்தில் ஈழத்து மக்கள் மண்ணை விட்டுப் போகும் பாட்டில் அந்தத் தளர்ந்த குரல் வேண்டியிருந்தது. இளங்குரலில் அந்தச் சுமை ஏறாது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டைத் தொடங்கிவைக்க டி.எம். சௌந்தரராஜனை அவர் அழைத்ததும் அப்படித்தான். ஆனால் பாடகிகளுக்குத் திறக்கும் கதவு குறுகலாக இருக்கிறது. வேலையில்லா பட்டதாரியில் ஜானகிக்குக் கிடைத்தது தாயின் பாட்டு. உருக்கமாகப் பாடினார், குறையே இல்லை. இருந்தாலும் பதினாறு வயதுப் பெண்ணாகவும் மழலையாகவும் கிழவியாகவும் பாடத் தெரிந்தவருக்கு அம்மா வேடம் மட்டும் மிஞ்சியது எனக்கு உறுத்துகிறது. 81 வயதில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோது நாம் பெருமிதத்தோடு பார்த்தோம். அந்த வயதுப் பெண் கலைஞரிடம் புதிய படைப்பை எதிர்பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் முகம். இப்போது பாட்டு வெளியாகும்போதே பாடுகிறவரும் வீடியோவில் வருகிறார். கச்சேரி மேடையில் அவருக்குப் பின்னால் எல்ஈடி திரை பெரிதாக நிற்கிறது. குரலுக்கு முன்னால் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மேலைநாட்டில் இந்தச் சிக்கல் முன்பே வந்துவிட்டது. லக்னோவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற க்ளிஃப் ரிச்சர்ட், அறுபதை நெருங்கிய வயதில், வானொலிகள் தன் பாட்டைப் போடாததால் 1998-இல் தன் பெயரை மறைத்து வேறு பெயரில் ஒரு நடனப் பாட்டை அனுப்ப வைத்தார். வானொலிகள் அதைப் போட்டன. வயது அவர்கள் காதில் விழவில்லை, பெயரில்தான் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார். ஆர்க்கெஸ்ட்ரா மேடைகளில் இருபது வயதிலிருந்து பாடியவர். ஈஸ்வரி பாட்டு, ஜானகி பாட்டு இரண்டையும் நோட்டுப் பார்க்காமல் பாடுவார். ஒரே மூச்சில் குரலை மாற்றிக் குழந்தையாகப் பேசிக் காட்டுவார். அறுபதை நெருங்கியதும் அழைப்பு குறைந்தது. ஒரு கோயில் விழாக் குழுவினர் அவர் வீட்டுக்கே வந்து, "அக்கா, நீங்க நல்லாத்தான் பாடறீங்க. பசங்க மேடையில இளசா எதிர்பார்க்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு கச்சேரியையே விட்டுவிட்டு டிஜே வைத்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கூட்டம் மொத்தமும் எழுந்து ஆடியது கலாசலாவுக்கு. எழுபதைக் கடந்தவர் பாடிய பாட்டு. ஐந்தாறு தெரு தள்ளி, அதை அப்படியே பாடக்கூடிய அக்கா வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நான் போனபோது, "சவுண்டு நல்லா வெச்சிருந்தாங்க தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

பெரிய பாடகிகளைச் சினிமா எப்படி நடத்த வேண்டும் என்று நாம் சொல்லி அவர்கள் கேட்கப்போவதில்லை. நம் ஊர் விழா நம் கையில் இருக்கிறது. விழாக் குழுவில் இருப்பவர்களை வேண்டிக் கேட்கிறேன். மேடையில் பாடிப் பழகிய ஒருவராவது உங்கள் பக்கத்திலும் இருப்பார். அடுத்த ஆடிக்கு டிஜேவுக்குப் பேசுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். நல்ல மைக்கும் உட்கார்ந்து பாட நாற்காலியும் கொடுங்கள், முன்பணம் கொடுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நோட்டீஸில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.