எண்ணுக்கு நடுவே மெட்ராஸ்

ஊர் பெயர் 1996-லேயே சென்னை என்று மாறிவிட்டாலும், காப்புரிமை விண்ணப்ப எண்களின் நடுவே எம்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்து அதற்குப் பிறகும் சில வருஷம் உட்கார்ந்திருந்தது. ரயில்வேக்காரர்கள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வைத்திருக்கும் அதே மூன்றெழுத்து. ஒரு பேட்டன்ட் ஏஜென்டிடம் உதவியாளனாக இருந்த எனக்கு, ஃபைலின் மேல் அந்த எண்ணை எழுதும்போது, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமிதம் வரும். அந்த வயதின் பெருமிதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஸ்பெசிஃபிகேஷனைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் டைப் அடிக்க வேண்டும். படத்தை டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் இண்டியன் இங்க்கில் வரைவார். ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் மயிரிழைக் கோடு ஒன்றை வெளியே இழுத்து அதன் நுனியில் எண் போடுவார், மை காயும்வரை யாரையும் மேஜைப் பக்கம் விடமாட்டார். அந்தக் கட்டோடு நான் போகும் ஆபீஸ் அப்போது கிண்டிக்குக் குடிபோயிருக்கவில்லை. அங்கே பெரிய கம்பெனியின் சட்ட அதிகாரியும், கிரைண்டர் கல்லைச் சாய்த்து மாவு எடுக்க வழி கண்டுபிடித்துக் கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயிலில் வந்தவரும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் தன் படத்தை விரித்துக் காட்ட, அதிகாரி குனிந்து பார்ப்பார். 1856-ல் கல்கத்தாவில் இந்த நாட்டின் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவரும் தனி ஆள்தானே: டி பென்னிங், பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காக.

பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு அன்றைக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி வந்த 1970 சட்டம், மருந்துக்கு உரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அதே மருந்தை வேறு வழியில் செய்யக் கற்ற நம் கம்பெனிகளால்தான் எத்தனையோ வீடுகளில் மாத்திரை வாங்க முடிந்தது. 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே உரிமை என்று ஆனபோது, அதுவரை பெட்டியில் காத்திருந்த விண்ணப்பங்கள் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்து க்ளீவெக். 1998-ல் நம் ஊரில் போட்டது, எண்ணின் நடுவே எம்.ஏ.எஸ். தான். 2006-ல் சென்னை அலுவலகம் அதை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் கிடையாது என்று முடித்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

2007-ல் ஆன்லைனில் ஃபைல் பண்ணலாம் என்றார்கள், பெஞ்ச் காலியானது. 2016 முதல் எண்ணும் பன்னிரண்டு இலக்கமாகிவிட்டது. அதில் சென்னைக்கு மிஞ்சியது ஆண்டுக்கு அடுத்து வரும் ஒரு 4. 2022-23-ல் நாடு முழுக்க 82,811 விண்ணப்பங்கள். பல காலம் வெளிநாட்டுக்காரர்களே நிறைந்திருந்த இடத்தில் பாதிக்கு மேல் உள்நாட்டுப் பெயர்கள். குவால்காம், சாம்சங், ஹுவாவே வரிசைக்குப் பக்கத்தில் டி.சி.எஸ். மாதிரி நம் கம்பெனிகளையும் பார்க்கும்போது மனசு நிறைகிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நாங்கள் படித்தோம். சனிக்கிழமை கெசட்டில் ஏற்கப்பட்டவற்றின் பட்டியல் வரும், ஆட்சேபிக்க நான்கு மாதம் உண்டு என்பதால் விரல் வைத்து வரி வரியாகப் பார்ப்போம். வேறொருவன் ஒரு வால்வை எப்படி யோசித்தான் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருந்தது, அதில் திளைத்து நான் இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமைதோறும் ஜர்னல் இலவசமாகத் திரைக்கு வருகிறது, ஆயிரக்கணக்கான பக்கம், முழுதாகப் படிக்கிறவர் யார்? தெரிந்த மிகச் சிறந்த முறையை எழுது என்று சட்டம் கேட்கிறது. எழுதுவது அடுத்தவன் படிக்கத்தான். பெரிய கம்பெனிகள் கற்றை கற்றையாகப் போடும் ஸ்பெசிஃபிகேஷன்களில் அந்த அடுத்தவனை நினைத்து எழுதிய வாக்கியத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்தார்கள், நல்ல காரியம். அதன் பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரி வாசல்களில் இத்தனை விண்ணப்பம் என்று பேனர்கள் பார்க்கிறேன். இத்தனை வழங்கப்பட்டது, இத்தனை கண்டுபிடிப்பு பட்டறைக்குப் போனது என்று ஒரு பேனர் வைத்தால், நின்று படிக்க நான் தயார்.