குருத்தும் கொழுந்தும்: ஒரு விசாரணை

வேம்பின் நுனியில் செம்மை படர்ந்து தோன்றும் இளந்தழையைக் கொழுந்து என்றும், தென்னையின் உச்சியில் விரியாது விறைத்து நிற்கும் வெளிறிய ஓலையைக் குருத்து என்றும் பிழையின்றி வழங்கிவரும் நம்மவர், அவ்விரண்டையும் இடம் மாற்றிச் சொல்பவனைப் பட்டணத்தான் என்று நகைத்துவிட்டு அப்பால் போகிறார்களேயன்றி, அவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்று விசாரித்தாரில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

புறத்தே வயிரமுள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தாராதலின், குருத்து புல்லுக்கும் கொழுந்து மரத்துக்கும் உரியன என்று பண்டிதர் எவரேனும் அவசரமாக முடிவு கட்டக்கூடும். வெற்றிலைக் கொடிக்கு அகத்தும் புறத்தும் வயிரமில்லை. ஆயினும் கொழுந்து வெற்றிலை கடைதோறும் கிடைக்கிறது. பூர்வபக்ஷம் இவ்வாறு வெற்றிலைப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

நமது சித்தாந்தமாவது, கிள்ளினால் மீண்டும் வருவது கொழுந்து, போனால் போனதே குருத்து என்பதாம். நீலகிரித் தோட்டங்களில் ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிக்கப் பறிக்கத் தேயிலைச் செடி பக்கமெல்லாம் அரும்பிக்கொண்டே இருக்கிறது. தென்னைக்கோ கிளையில்லை, உச்சியில் உள்ள ஒரே வளர்முனைதான் அதன் ஜீவன். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் பின்பு விரியும் மட்டைகள் முக்கோணமாக வெட்டுண்டு தோன்றுவதோடு போகும்; குருத்தழுகல் நோய் கண்டு வளர்முனையே கெட்டதாயின் மரம் முடிந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கொய்பவரும் இளவோலையைக் கொள்வாரேயன்றி அம்முனையைத் தீண்டார்.

தாவர வர்க்கத்துக்கு அப்பாலும் இவ்விதி செல்லும். நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. ஓரிடத்தில் அடித்து அணைத்தால் வேறிடத்தில் தலைநீட்டுகிறது. காதிலும் மூக்கிலும் உள்ளதோ குருத்தெலும்பு. இரத்தக் குழாய் இல்லாமையால், சிதைந்தால் எளிதில் தேறாது. கொழுந்தி என்னும் உறவுப்பெயரை இவ்வாராய்ச்சிக்கு உட்படுத்தும்படி நண்பர் ஒருவர் தூண்டினார். குடும்ப க்ஷேமத்தை உத்தேசித்து அதனைக் கைவிட்டோம்.

ஆட்சேபம் ஒன்றே எஞ்சியுள்ளது. குலை தள்ளுமுன் வெட்டிச் சாய்த்த வாழை, வளர்முனை மண்ணுக்குள் கிழங்கில் இருப்பதால், மறுநாளே வெட்டுவாயின் நடுவிலிருந்து புதுக் குருத்தை நீட்டுகிறது. சித்தாந்தத்துக்கு இவ்வளவு பகிரங்கமாக விரோதம் செய்யும் வஸ்துவை வாழைக் குருத்து என்று இத்தனை காலம் அழைத்துவந்தது தமிழருடைய பிழையே என்றும், இனி அதனை வாழைக் கொழுந்து என்றே வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளிக்கிறோம்.