குளிரைத் திட்டினால் என்ன குறையும்?

கேள்வி: ரொறன்ரோவில் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் குளிரைத்தான் திட்டுகிறார்கள். திட்டினால் குறையுமா?

பதில்: குளிர் குறையாது, கூச்சம் குறையும். சம்பளம், வீட்டு விலை, பிள்ளையின் மார்க்ஸ் என்று பேச்சைத் தொடங்கினால் யாராவது ஒருவருக்கு மனம் சுருங்கும். பனிக்கு முன்னால் எல்லோரும் ஒன்று. ஸ்காபரோ கோப்பிக்கடை வாசலில் கேட்கலாம்: "என்னண்ணை, இண்டைக்குச் சரியான குளிர்!" "குளிர் பரவாயில்லை தம்பி, காத்துத்தான் வெட்டுது." கையுறையைக் கழற்றிக் கோப்பியை வாங்குவதற்குள் பேச்சு அம்மாவின் முழங்கால் வலிக்குப் போய்விடும். இத்தகைய பேச்சின் வேலை செய்தி சொல்வதன்று, உறவைக் கட்டுவது என்று மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இலேயே விளக்கினார்.

புலம்புவதற்கு நகரமும் பஞ்சம் வைப்பதில்லை. 1999 ஜனவரியில் ஒரு மீட்டருக்கும் மேல் பனி கொட்ட, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே அழைத்தார். மற்ற ஊர்க்காரர் இன்றும் அதைச் சொல்லிச் சீண்டுவதுண்டு. 401 நெடுஞ்சாலையின் ரொறன்ரோப் பகுதியில் ஒரே நாளில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் போவதுண்டு. மாலையில் அவை ஊரும். 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றது. அதற்குப் பதிலாக விடப்பட்ட பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களின் முறைப்பாட்டை வேடிக்கைப் பேச்சில் சேர்க்க முடியாது; அதில் முழு நியாயம் இருக்கிறது.

ஜூலையில் வெக்கை வந்ததும் குளிர்ப் புலம்பல் ஓய்ந்து, புழுக்கப் புலம்பல் ஆரம்பமாகும்.